‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’... ரெண்டையும் தொடங்கிய டாக்டர்! யார் இந்த எட்வர்ட் பால்ஃபர்?

காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோட எழும்பூர் மியூசியம் போறது பல சென்னைவாசிகளுக்குப் பழக்கம். பழைய ஆட்கள் அதை ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலைதான் ‘உயிர் காலேஜ்’. இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே ஆள், எட்வர்ட் பால்ஃபர்.

1813-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த பால்ஃபர், மருத்துவம் படித்துவிட்டு 1834-ல் இந்தியா வந்தார். வேலை, ராணுவ டாக்டர். 1851-ல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளர் இவர்தான். கல்லூரிச் சாலையில் ஒரு கல்லூரி மாடியில், சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளோடு ஆரம்பம். ‘காலேஜ்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854-ல் எழும்பூருக்கு மாறியது.

ஆனா, கல்லைப் பார்க்க பிள்ளைகுட்டியோட யார் வருவாங்க? உயிருள்ள விலங்குக்குத்தான் கூட்டம் சேருதுன்னு பால்ஃபர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையே மியூசியத்துக்கு வாங்கிவிட்டார். 1855-ல் மியூசியம் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை ரெடி. படிச்சவங்க மட்டும் எட்டிப்பார்க்கும் இடமாக இல்லாமல், ஊரே திரண்டு வந்தது.

காடு அழிந்தால் மழையும் போகும் என்று அப்போதே எழுதியவர். இந்தியா பற்றி ஒரு கலைக்களஞ்சியமும் தொகுத்தார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர வழிவிட்டதில் இவருக்கும் பங்குண்டு.

1889-ல் லண்டனில் காலமானார். விலங்குகள் அதற்கு முன்பே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. அங்கிருந்து 1985-ல் வண்டலூருக்கு. கற்கள் எழும்பூரிலேயே இருக்கின்றன.