செடியின் நாடி பார்த்த ஆசார்ய போஸ்

தொட்டாற்சிணுங்கியைத் தீண்டி மகிழாத குழந்தை நம் நாட்டில் அரிது. விரல் பட்டதும் அதன் இலைகள் ஏன் கூம்புகின்றன என்பதை அறியத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகஸ்தர். ஆங்கிலப் பள்ளியே கௌரவம் என்றிருந்த அந்நாளில், மகன் முதற்கண் தாய்மொழியில் பயில வேண்டுமெனக் கருதி அவரை வங்காளிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் ஏவலர் மகனும் அவருக்குத் தோழராயினர். அச்சிறுவர் கூறிய பறவை, விலங்குக் கதைகளே இயற்கைபால் அவருக்கு ஆர்வத்தை ஊட்டின.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி, 1885இல் கல்கத்தா பிரெஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு. தற்காலிகப் பதவியாதலின் அவருக்கு அதிலும் பாதிதான். போஸ் சண்டையிடவில்லை, பணியை விடவுமில்லை. மூன்றாண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். தந்தையாரின் கடன் தலைமேல் நின்ற காலம் அது. 1887இல் அவரை மணந்த அபலா அம்மையார், முன்னர்ச் சென்னையில் மருத்துவம் பயின்றவர். அவ்வறுமையை மனமுவந்து பகிர்ந்துகொண்டார். இறுதியில் அரசாங்கம் இணங்கி, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் அளித்தது.

1895இல் கம்பியில்லா மின்னலைகளைக் கல்கத்தாவில் செயல்படுத்திக் காட்டிய போஸ், பின்னர்த் தாவரங்களின்பால் திரும்பினார். வெப்பம், குளிர், காயம், நஞ்சு ஆகியவை தாக்கும்போது செடியினுள் மின் துடிப்பு எழுவதை அளந்தார். 1901இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் அதனை எடுத்துரைத்தபோது உடலியல் வல்லுநர்கள் எதிர்த்தனர், கட்டுரை அச்சேறவில்லை. அவர் மனம் தளராது, செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை உருவாக்கினார். 1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920இல் அதே ராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது.

எனினும் வழக்கு முடியவில்லை. செய்தியை ஏந்திச் செல்வது மின் துடிப்பே என்றார் போஸ். 1916இல் இத்தாலிய அறிஞர் ரிக்கா, தொட்டாற்சிணுங்கியின் தண்டை அறுத்து, இடையே நீர் நிறைந்த குழாயைப் பொருத்தினார். செய்தி அதையும் கடந்தது. ஆகவே சாற்றில் ஓடும் இரசாயனப் பொருளே தூதன் என்றார். பின்னர் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. நீர் வற்றினால் அப்ஸிஸிக் அமிலம் இலைத்துளைகளை மூடச் செய்து ஈரத்தைக் காக்கிறது. புழு கடித்தால் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, அப்புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்களை இலையில் உண்டாக்குகிறது. போஸின் கொள்கை பல்லாண்டுகள் மறைந்து கிடந்தது.

2013இல் சுவிட்சர்லாந்தின் லோஸான் நகர ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஓர் இலை காயப்பட்டால் மின் துடிப்பு விரைந்தோடி, தொலைவிலுள்ள இலையிலும் ஜாஸ்மோனிக் அமில ஹார்மோனை எழுப்புகிறது. மின்சாரமா, இரசாயனமா என்று வாதிட்டோர் இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றியிருந்தனர்.

இத்தீர்ப்பைக் காண போஸ் இல்லை. 1937 நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் அவர் காலமானார். அவர் நிறுவிய நிலையம் கல்கத்தாவில் இன்றும் ஆராய்ச்சி நடத்தி வருகிறது.