கூடை தந்த கொடையாளர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

பாடியவர் பெயர் மறைந்து பாட்டு மட்டும் நிலைத்து நிற்றல் தமிழ் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் அறியப்படாமற் போக, அவர்தம் பாடலில் அமைந்த அரிய தொடரே அவர்க்குப் பெயராயிற்று. செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்ற பெருமகனார். விளையாட்டுலகிலும் அத்தகையதோர் ஆக்கம் உண்டு. பெரும்பாலான ஆட்டங்கள் எந்நாளில் எவரால் தோன்றின என்பதை அறுதியிட்டுரைத்தல் அரிது. கூடைப்பந்துக்கோ பிறந்த ஊரும் உண்டு. பிறந்த திங்களும் உண்டு. பெற்றெடுத்த தந்தையும் உண்டு. ஆயினும் அப்பந்தைக் கையிலேந்தும் இளைஞருள் அத்தந்தையின் பெயரறிந்தோர் சிலரே. அவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஐந்து மக்களுக்கு அன்புத் தந்தையாகவும், நாற்பதாண்டுக் காலம் இளைஞர்க்கு ஆசானாகவும் வாழ்ந்து மறைந்தவர்.

இளமையில் வறுமை

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆல்மாண்ட் என்னும் சிற்றூரின் அருகே, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நெய்ஸ்மித் பிறந்தார். ஒன்பதாம் வயதை எட்டும் பொழுதில், 1870இல், குடற்காய்ச்சல் அவர் இல்லத்துள் புகுந்தது. சில வாரங்களுக்குள் தந்தையையும் தாயையும் அது கொண்டு சென்றது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பாட்டியும், அவர்க்குப் பின் தாய்மாமனும் வளர்த்தனர்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டு மரம் வெட்டும் காடுகளில் கூலியாளாகச் சில ஆண்டுகள் உழைத்தார். பனியும் கோடரியும் அவர் உடலை உரமாக்கின. ஆனால் உள்ளம் நிறைவு கொள்ளவில்லை. தம்மினும் இளையோரோடு மீண்டும் பள்ளியில் அமர நாணாது படித்துத் தேறி, 1883இல் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவ்விளமைக் காலத்தில் சிறுவர் ஆடிய ஆட்டம் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பெரிய பாறையொன்றின் மேல் சிறுகல்லை வைத்து, எட்டி நின்று கல்லெறிந்து அதனை வீழ்த்துவது அவ்வாட்டம். விசையோடு எறிந்தவன் குறி தவறினால், தொலைவிற் சென்று விழுந்த தன் கல்லை எடுத்து வருமுன் பிடிபடுவான். மெல்ல மேல்நோக்கி வளைத்து எறிந்தவனோ குறியும் தப்பான். கல்லும் அருகிலேயே விழும். வலிமையினும் நுண்மை வெல்லும் என்னும் இப்பாடம் இருபதாண்டு கழித்துப் பயன் தந்தது.

மறையுரையா, மைதானமா?

சமயகுருவாக வேண்டும் என்பதே நெய்ஸ்மித்தின் முதல் நோக்கம். மெக்கிலில் பட்டம் பெற்றபின் இறையியற் கல்லூரியிலும் பயின்றார். அதே வேளையில் ரக்பி ஆட்டத்தில் முரட்டு வீரராகவும் விளங்கினார். ஆட்டத்தில் அடிபட்டுக் கண்கள் கறுத்த நிலையில் மறுநாள் மறையுரை மேடையில் நின்றதும் உண்டு. விளையாட்டு இறைப்பணிக்கு ஒவ்வாதது எனச் சான்றோர் பலர் எண்ணிய காலம் அது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அருகில் நின்ற தோழர் ஒருவர் வெகுண்டு தகாத சொல் கூறினார். கூறிய மறுகணமே நெய்ஸ்மித் அருகிலிருப்பதை மறந்துவிட்டதற்காக அவரிடம் பொறுத்தருள வேண்டினார். நெய்ஸ்மித் அத்தோழரை ஒருநாளும் கடிந்ததில்லை. உடன் நின்று ஆடியதன்றி அறிவுரை எதுவும் கூறியதுமில்லை. ஒருவன் ஒழுக்கம் மேடையைவிட மைதானத்தில் உரத்துப் பேசும் என்பதை அன்று அவர் உணர்ந்தார். 1890இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். குருத்துவப் பாதையினின்று அவர் விலகியதை உடன்பிறந்த அன்னி நெடுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. அவ்வருத்தம் நெய்ஸ்மித்தின் உள்ளத்தில் ஒரு முள்ளாகவே இருந்தது.

பதினான்கு நாளில் ஓர் ஆட்டம்

1891ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே பனி. உள்ளே பதினெட்டு மாணவர் அடங்கிய வகுப்பு ஒன்று. ஒரே வகையான உடற்பயிற்சிகளில் சலிப்புற்ற அம்மாணவர் முன்னிருந்த ஆசிரியர் இருவரையும் சோர்வுறச் செய்தனர். துறைத்தலைவர் லூதர் கூலிக் அவ்வகுப்பை நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, உள்ளரங்கில் ஆடத்தக்க புதியதோர் ஆட்டத்தைப் பதினான்கு நாளில் ஆக்கித் தருமாறு பணித்தார்.

வெளியரங்க ஆட்டங்களை உள்ளே கொணர்ந்து பார்த்தார். கால்கள் அடிபட்டன, சாளரங்கள் உடைந்தன. காலக்கெடு முடியும் தறுவாயில் ஆட்டங்களின் அடிப்படையையே ஆராயத் தலைப்பட்டார். முரட்டுத்தனம் எதனால் விளைகிறது? பந்தைச் சுமந்து ஓடுபவனைத் தடுத்து வீழ்த்த முற்படுவதால். அவ்வாறாயின் பந்தோடு ஓடுதல் கூடாது என்று விதித்தால் வீழ்த்த வேண்டிய தேவையே எழாது. இலக்கு நேரெதிரே நின்றால் வீரர் விசையோடு எறிவர். அதனைத் தலைக்கு மேல் கிடைமட்டமாக அமைத்தால் மெல்ல வளைத்தே எறிய வேண்டும். பாறை மேற் கல்லை வீழ்த்திய இளமைக்கால ஆட்டம் அப்பொழுது நினைவில் எழுந்தது.

சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். கட்டடக் காவலரிடம் பெட்டி இல்லை. பீச் பழக்கூடைகள் இரண்டே இருந்தன. அவற்றை மாடத்தின் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் அறைந்தார். இன்றும் உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்தில் நிற்பதற்கு அந்த மாடமே காரணம். பதின்மூன்று விதிகள் இரு தாள்களில் தட்டச்சாயின. டிசம்பர்த் திங்களில், பக்கத்துக்கு ஒன்பதின்மராக, கால்பந்தைக் கொண்டு முதல் ஆட்டம் நிகழ்ந்தது. அடிப்பகுதி அகற்றப்படாத கூடையில் பந்து விழுந்தால் ஏணியிட்டு ஏறியே எடுக்க நேர்ந்தது.

இவ்வாட்டத்திற்கு ஆக்கியோன் பெயரையே சூட்டலாம் என்று மாணவர் ஃபிராங்க் மேகன் கருத்துரைத்தார். அப்பெயர் எந்த ஆட்டத்தையும் சாகடித்துவிடும் என்று நெய்ஸ்மித் நகைத்து மறுத்தார். கூடையும் பந்தும் இருத்தலின் கூடைப்பந்து எனலாம் என மேகன் மீண்டும் கூற, அதனை ஏற்றார். தம் பெயரைத் தாமே விலக்கிய அந்தச் சிரிப்பில் அவர்தம் இயல்பு முழுவதும் அடங்கியிருந்தது.

இல்லறம்

ஆட்டத்தின் ஆரவாரம் கேட்டு அருகிலிருந்த பள்ளி ஆசிரியைகள் சிலர் பார்க்க வந்தனர். தாமும் ஆடலாமா என வினவினர். தடையில்லை என்றார் நெய்ஸ்மித். பெண்டிர் நீண்ட பாவாடையோடு ஆடிய அத்தொடக்ககால ஆட்டங்களில் பங்கேற்ற மங்கையருள் ஒருவர் மாட் ஷெர்மன். 1894ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. பெண்மக்கள் மூவரும் ஆண்மக்கள் இருவருமாக ஐந்து செல்வங்கள் பிறந்தனர்.

மனைவியோடு டென்வர் நகருக்குச் சென்ற நெய்ஸ்மித், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிக்கொண்டே 1898இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சஸ் பல்கலைக்கழகம் அவரை உடற்கல்விக்கும் வழிபாட்டுக்கும் பொறுப்பாளராக அழைத்தது. லாரன்ஸ் என்னும் அவ்வூரே அவர்தம் வாழ்விடமாயிற்று. 1916இல் குருப்பட்டம் ஏற்றுக் கான்சஸ் காலாட்படையின் ஆன்மிகத் துணைவராக மெக்சிகோ எல்லைக்குச் சென்றார். முதல் உலகப் போரின்போது ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பிரான்சு நாட்டில் படைவீரரிடையே 1919 வரை தொண்டாற்றினார். அந்நாள்களில் இல்லத்தின் முழுச்சுமையும் மாட் அம்மையார் தோளில் அமர்ந்தது. ஊரார் போற்றும் தொண்டுக்குப் பின்னே இல்லத்தரசியின் பொறுமை மறைந்திருத்தல் எந்நாட்டிலும் காணும் உண்மையே.

ஆட்டத்துக்கு உரிமைக்காப்பு எதனையும் பெற முயலவில்லை. உலகம் முழுதும் ஆடும் ஆட்டத்தை ஆக்கியவர் ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் எளிய வாழ்வே வாழ்ந்தார்.

தோற்ற ஆசான்

கான்சஸ் பல்கலைக்கழகக் குழுவுக்கு 1898 முதல் 1907 வரை நெய்ஸ்மித் பயிற்றுநராக இருந்தார். வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. கூடைப்பந்தாற் புகழ்பெற்ற அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில், வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவ்வாட்டத்தைப் படைத்தவர் ஒருவரே. விதியின் விளையாட்டு என்பது இதுவன்றோ!

அவர் இத்தோல்விக்காக வருந்தியதாகத் தெரியவில்லை. கூடைப்பந்து ஆடி மகிழ்தற்குரியது, பயிற்றுவித்தற்குரியதன்று என்பதே அவர் கொள்கை. அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் என்னும் மாணவர் இக்கொள்கையை ஏற்கவில்லை. பயிற்சியை ஒரு கலையாகவே வளர்த்து, பின்னாளில் கான்சஸ் குழுவைப் பல்லாண்டு வழிநடத்திப் பெருவெற்றிகள் ஈட்டினார். அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் ஆகிய பெரும் பயிற்றுநர்கள் ஆலனிடம் ஆடி உருவானவர்கள். ஆசானுக்கு மாறுபட்ட மாணவராலேயே ஆசானின் கொடிவழி தழைத்தது.

மற்றொரு மாணவர் ஜான் மெக்லெண்டன். 1933இல் கான்சஸ் வந்த கறுப்பின இளைஞர். நிற வேற்றுமை காரணமாகப் பல்கலைக்கழகக் குழுவில் ஆடும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தை ஆக்கியவர் வாழும் ஊரிலேயே அவ்வாட்டத்தின் வாயில் ஒருவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. முதியவரான நெய்ஸ்மித்தால் அவ்வாயிலைத் திறக்க இயலவில்லை. ஆனால் அவ்விளைஞரைத் தம் மாணவராக ஏற்று, தாம் அறிந்தவற்றையெல்லாம் அவருக்கு வழங்கினார். 1936இல் பட்டம் பெற்ற மெக்லெண்டன், 1944இல் நிறவேற்றுமைச் சட்டங்களை மீறி, வடகரோலினாவில் தம் குழுவை வெள்ளையர் குழுவோடு பூட்டிய அரங்கினுள் மறைவாக ஆடவைத்தார். 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் அவர் பயிற்றுவித்த டென்னசி மாநிலக் கல்லூரிக் குழு தேசியப் பட்டம் வென்றது. 55க்கு 60 என்னும் கணக்கில் இவ்வெற்றி சேரவில்லை. சேர்த்துக் காண்போர்க்கு அக்கணக்கு வேறாகும்.

பெர்லினில் ஒரு நாள்

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. ஆக்கியோனை அனுப்பிவைக்க ஆட்ட அரங்குகளில் சிறுசிறு காசாகப் பணம் திரட்டினர். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதாகவே ஏற்பாடு. மாட் அம்மையாரை இதயநோய் தாக்கவே, நெய்ஸ்மித் தனியே புறப்பட்டார். முதல் ஆட்டத்தைப் பந்தை மேலெறிந்து தொடங்கிவைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழுக்கள் அங்கு ஆடின. மழையில் நனைந்த களிமண் தரையில் இறுதி ஆட்டம் நடந்தது. எதிரெதிர் நின்றவை பிறந்த நாடாகிய கனடாவும், 1925இல் குடியுரிமை ஏற்ற அமெரிக்காவும். 19க்கு 8 என அமெரிக்கா வென்றது. இரு நாட்டு இளைஞர்க்கும் பதக்கம் வழங்கும் பேறு அம்முதியவருக்கு வாய்த்தது. அம்மகிழ்ச்சியைக் கண்ணாரக் காண வேண்டிய துணைவி கடலுக்கு அப்பால் நோயுற்றிருந்தார். 1937இல் அவர் மறைந்தார்.

மறைவும் நிலைபேறும்

அதே ஆண்டில் நெய்ஸ்மித் பணி ஓய்வு பெற்றார். 1939 ஜூனில் ஃபுளோரன்ஸ் கின்கேடு அம்மையாரை மணந்தார். அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால், எழுபத்தெட்டாம் வயதில், லாரன்ஸ் நகரில் இயற்கை எய்தினார். கூடைப்பந்தின் தோற்றம் குறித்து அவர் எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. அவர் தட்டச்சிடச் செய்த பதின்மூன்று விதிகளின் மூலத்தாள்கள் 2010இல் ஏலத்தில் நாற்பத்து மூன்று இலட்சம் டாலருக்கு விலைபோயின. பின்னர் கான்சஸ் பல்கலைக்கழகத்தையே அடைந்தன.

தமிழ் மண்ணுக்கும் அவர்தம் மரபோடு ஒரு தொடர்பு உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அங்குப் பயின்ற ஆசிரியர் வழியே ஸ்பிரிங்ஃபீல்டின் மரபு தமிழகப் பள்ளிகளின் மைதானங்களை அடைந்தது.

சிற்றூர்ப் பள்ளியொன்றில் மாலை வேளையில் ஒரு சிறுமி கூடையை அண்ணாந்து நோக்குகிறாள். விசையோடு எறியாது, பந்தை மெல்ல வளைத்து மேலே விடுகிறாள். அவ்வளைவைக் கற்பித்தவர் பெயரை அவள் அறியாள். அறியாமலே அவரிடம் பயின்றுகொண்டிருக்கிறாள்.