கேப்டன் டிரைப் வரைந்த மேகங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், காரவள்ளி

தஞ்சைப் பெரிய கோயிலும், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும், திருச்சி மலைக்கோட்டையும் 1858ஆம் ஆண்டில் எப்படி இருந்தன என்பதை நாம் இன்றும் கண்ணாரக் காணலாம். பின்னாளில் செப்பனிடப்படுவதற்கு முன் அந்த மகால் எவ்வளவு சிதைந்து கிடந்தது என்பதற்கு எழுத்திலுள்ள சான்றைவிட வலிய சான்று உண்டு. படை அதிகாரி ஒருவர் எடுத்த ஒளிப்படங்களே அவை. அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். முதற்பெயர் நம் தாவரவியல் நண்பர்களுக்கு மனப்பாடம். இரண்டாம் பெயரை நானும் சென்ற ஆண்டுவரை கேட்டதில்லை. ஒளிப்பட வரலாறு பயில்வோருக்கோ அது உலகமறிந்த பெயர்.

1822 ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாமவராகப் பிறந்தார் டிரைப். 1838இல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னைப் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் மற்ற அதிகாரிகளுள் ஓர் அதிகாரி, அவ்வளவே. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றவரை உடல்நலக்குறைவு சில ஆண்டுகள் அங்கேயே தங்க வைத்தது. ஒளிப்படக் கலை அப்போது பிறந்து பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை. ஓய்ந்திருந்த கேப்டன் அதைக் கற்றுக்கொண்டார். 1853இல் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரும் ஆனார்.

1854இல் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹளேபீடு, பேளூர், சிரவணபெளகுளா எனப் புறப்பட்டுவிட்டார். அதுவரை எந்தக் காமிராவும் காணாத கோயில்களின் படங்கள் 68ஐ 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் வைத்தார். நடுவர்கள் அவற்றையே காகிதத்தில் எடுக்கப்பட்ட காட்சிப் படங்களுள் சிறந்த வரிசை என்று தேர்ந்தெடுத்தனர். நம் தமிழ் மண்ணில் நடந்த ஒளிப்படப் போட்டி என்று பார்த்தால் இதற்கு முந்தியது எதையும் நான் படித்ததில்லை. அதே ஆண்டு பர்மிய மன்னர் மிண்டோனின் அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் ஒளிப்படக்காரராகச் சென்று வந்தார். பின்னர் சென்னை மாகாண அரசு அவரையே தன் ஒளிப்படக்காரராக அமர்த்திக்கொண்டது.

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் புறப்பட்டார். வடக்கே பெருங்கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த காலம் அது. வண்டிகளில் ஏறியவை பெரிய மரக் காமிராக்கள், கண்ணாடித் தகடுகள், காகிதம், மெழுகு, வெள்ளி நைட்ரேட்டு, அமிலங்கள். அவர் எடுத்த தொகுதிகளுள் ஒன்று சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் பிற இடங்களையும் பற்றியது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே எங்கள் கொல்லிமலையும் அன்று அந்தச் சேலம் மாவட்டமே. ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை எனச் சுற்றி, அடுத்த கோடைக்குள் பயணத்தை முடித்தார். அவரிடம் தொழில் பழகிய உதவியாளராக அய்யாசாமி என்ற பெயர் ஒன்று வரலாற்றில் நிற்கிறது. ஊர் ஊராக வண்டியிலிருந்து சுமை இறக்கிய மற்றவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி வானத்துக்கு வருவோம். வேதியியல் படிக்கும் நண்பர்களுக்கு இது நன்கு விளங்கும். அன்றைய வெள்ளி அயோடைடு ஊதாவையும் நீலத்தையுமே உணரும்; பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நிறமியைச் சேர்த்துப் பிற வண்ணங்களையும் உணர வைக்கலாம் என்று ஜெர்மானிய வேதியியலாளர் வோகல் கண்டறிந்தது 1873இல். டிரைப்புக்கு அந்த வசதி இல்லை. கோபுரத்தின் நுணுக்கம் பதியும்வரை காத்திருந்தால் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெளிர்த்தாளாக நிற்கும். மேகம் இருந்தாலும் தெரியாது. மரங்களோ கரிக்கட்டியாக விழும். எனவே அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டினார். நெகட்டிவில் வண்ணம் ஏறிய இடம் ஒளியைத் தடுப்பதால் அச்சில் வெளுத்து விழும். வானத்தில் தீட்டினால் வெண்மேகம். மரத்தில் புள்ளி புள்ளியாக வைத்தால் இலையில் வெயில் மினுக்கும். பர்மாவிலும் தமிழகத்திலும் அவர் எடுத்த படங்கள் பலவற்றில் நாம் கண்டு வியக்கும் மேகம் ஆகாயத்தில் மிதந்ததன்று; கேப்டனின் தூரிகை முனையிலிருந்து பிறந்தது.

இதனை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு வழக்கே காரணம். எங்கள் ஊர் காரவள்ளி. கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவ்வளைவுகளை மேலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, என் வகுப்புத் தோழன் ஓர் இணையவழிப் போட்டிக்கு அனுப்பினான். வானம் வெள்ளையாக விழுந்திருந்தது. கைப்பேசியில் உள்ள செயலி ஒன்று, விரலால் தொட்டால் வானத்தையே மாற்றித் தருகிறது. அவன் தொட்டான். பஞ்சுப் பொதி போன்ற மேகங்கள் வந்து நின்றன. படம் முதற் சுற்றில் தேறியது. அடுத்த சுற்றுக்கு மூலக்கோப்பைக் கேட்டார்கள், அத்துடன் நீக்கப்பட்டான். ஓரம் வெட்டலாம், ஒளியும் நிறமும் அளவோடு சரிசெய்யலாம், வில்லையில் படிந்த தூசிப் புள்ளியை எடுக்கலாம்; இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் கூடாது என்பது அவர்கள் விதி. பரிசுத்தொகை அவன் தேர்வுக் கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அவன் வாதம் இது. வானம் வெள்ளையானது கருவியின் குறை. கருவியின் குறையை நீக்கினால் அது எப்படிக் குற்றமாகும்? டிரைப்பின் கதையை நான் சொன்னதும் அவனுக்கு இன்னும் வலுக்கூடிவிட்டது. கேப்டனுக்குப் பெருமை, எனக்கு வெளியேற்றமா என்று கேட்டான். அதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை என்பதே உண்மை.

எங்கள் வீட்டுச் சுவரில் பாட்டியின் படம் மாட்டியிருக்கிறது. உயிரோடிருந்தபோது அவருக்கென்று தனியே ஒரு படம் எடுக்கப்பட்டதில்லை. ரேஷன் கார்டுக்காக எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோக்காரர் பட்டுச் சேலையும் இரட்டை வடச் சங்கிலியும் போட்டுத் தந்தார். பாட்டி அந்தச் சங்கிலியைக் கண்டதே இல்லை. அப்பா அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் புறப்படுகிறார். அதைப் பொய்யென்று சொல்ல எனக்கு நா எழாது. கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். நாளை என் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து, நம் குடும்பம் முன்பு வசதியாக இருந்ததென்று நினைத்தால்? அங்கே வேறொரு கணக்குத் தொடங்குகிறது. சங்கிலி பாட்டிக்கு மரியாதை, வரலாற்றுக்குப் பிழைச்சான்று.

படத்தை எதற்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் வழக்கு தங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செய்திப் படங்களுக்கான உலகப் பெரும் போட்டியான வேர்ல்டு பிரஸ் போட்டோவில், 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு, திருத்தம் எல்லை மீறியதற்காகத் தள்ளப்பட்டன. அங்கே படம் என்பது சாட்சி. சாட்சி மொழியில் அழகுக்காக ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. 2023இல் சோனி நிறுவனத்தின் பெயரால் நடக்கும் போட்டியில் ஒருவர் பரிசை ஏற்க மறுத்து, தம்முடையது செயற்கை நுண்ணறிவு ஆக்கிய படம் என்று தாமே அறிவித்தார். கலைப்படம் என்று சொல்லியே நடத்தும் போட்டிகளோ பல படங்களை ஒட்டிச் சேர்ப்பதையும் ஏற்கின்றன. என் தோழன் தன் மூலப்படத்தின் வெளிறிய வானத்தைச் சற்றே இருளச் செய்து, அதில் பதிந்திருந்த மேகத்தை வெளிக்கொணர்ந்திருந்தால் விதி அவனைத் தடுத்திராது. அவன் கொணர்ந்தது எந்த நாட்டிலோ என்றோ எடுத்த வானம். டிரைப் மரத்தில் வைத்த புள்ளிகளை நான் ஏற்கிறேன். அங்கே மரம் இருந்தது, இலையும் இருந்தது. மேகங்களை அப்படி ஏற்க மனம் ஒப்பவில்லை. இன்றைய செய்திப் பட நடுவர் முன் கேப்டனின் அந்தப் படங்கள் தோற்றே போகும். தோழனுக்கு இந்தத் தீர்ப்பில் ஓரளவே ஆறுதல்.

தஞ்சைக் கல்வெட்டுப் படமோ முற்றிலும் வேறு. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் இராசராசன் வெட்டுவித்த எழுத்துகளை, டிரைப் காமிராவை நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்தார். அவ்வாறு எடுத்த 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டியபோது சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது. ஒட்டுவேலை என்று பார்த்தால் அவர் செய்தவற்றுள் இதுவே மிகப் பெரிது. கல்வெட்டில் ஒரு சுழி கூடினாலும் சொல் மாறிவிடும், கொடையின் அளவு மாறிவிடும். தூரிகைக்கு அங்கே வேலையே இல்லை. 21 துண்டுகளும் கல்லில் உள்ள வரிசையிலேயே நிற்கின்றன. சேர்ப்பதெல்லாம் பொய்யாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த உழைப்புக்கு ஆயுள் குறைவு. 1859இல் சென்னை ஆளுநராக வந்த டிரெவெலியன், ஒளிப்படம் அரசின் பணநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்தச் சொன்னார். கிளர்ச்சிக்குப் பிந்தைய பணமுடை அவருக்கு ஒரு காரணம். நான்கே மாதப் பயணத்தில் இத்தனை கோயில்களைப் பதிந்தவருக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் கொடுத்திருந்தால் என்னென்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கையில் எனக்கு ஆளுநர் மேல் கோபமே வருகிறது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். 1870ஐ ஒட்டிப் பர்மாவின் டவுங்கூவில் சில படங்கள் எடுத்ததோடு சரி. 1870களில் ஓய்வுபெற்று, மேஜர் ஜெனரல் என்ற மதிப்புப் பட்டத்துடன் டெவன்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே சங்கும் சிப்பியும் பவளமும் சேர்த்து வைத்துப் பொழுதைக் கழித்தார். 1902 மார்ச் 2ஆம் நாள் மறைந்தார். 2014இலும் 2015இலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். தூரிகை மேகங்கள் இன்றும் அந்த அச்சுகளில் கலையாமல் நிற்கின்றன.