இன்மையை ஆராய்ந்த பிறௌவர்

ஒரு கூற்றுப் பொய்யென எடுத்துக்கொண்டு, அதனால் முரண்பாடு விளைவதைக் காட்டி, ஆகவே அது மெய்யென நிறுவும் முறையைக் கேத்திரகணித வகுப்பிலே நாம் எல்லோரும் பயின்றோம். அம்முறை எங்கும் செல்லுமா என ஐயுற்றவர் ஒல்லாந்து தேசத்துக் கணித மேதை பிறௌவர்.

1881ஆம் ஆண்டு பிறந்த அவர், பதினாறாம் வயதில் அம்ஸ்ரடாம் சர்வகலாசாலை புகுந்தார். கலாநிதிப் பட்டம் பெற்ற மறுவருடமே, 1908இல், தருக்க விதிகள் எவ்விடத்தும் நம்பத்தக்கன அல்லவென ஒரு கட்டுரை வரைந்தார். ஒரு கூற்று மெய், அன்றேல் அதன் மறுப்பு மெய் என்னும் விதியை முடிவில்லாத தொகுதிகளிற் பிரயோகித்தல் தகாது என்பது அவர் கொள்கை. ஒரு பொருள் இல்லாதிருக்க முடியாதெனக் காட்டுதல் வேறு. அப்பொருளையே எடுத்துக் காட்டுதல் வேறு. வட்டத்தின் பரிதியை விட்டத்தால் வகுக்க வரும் தசமத்தில் 0123456789 என்ற தொடர் உண்டோ என்று வினவினார். 1997இல் கணினி அதனை 1,700 கோடி இலக்கங்களுக்கு அப்பாற் கண்டது. உதாரணம் போயிற்று, வினா போகவில்லை. வேறொரு தொடரை எடுத்துக்கொள்ளலாமன்றோ!

அவருக்குப் பெரும்புகழ் ஈட்டிய நிலைத்த புள்ளித் தேற்றத்தின் நிறுவலே அவர் பின்னர் வற்புறுத்திய நியதிக்கு அமையாதது. அதற்காக அவர் தம் கொள்கையைத் தளர்த்தினாரல்லர்.

1912இல் அவர் பேராசிரியராவதற்குத் துணைநின்ற ஜேர்மானியப் பேரறிஞர் ஹில்பேட், 1928இல் ஒரு கணித சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து அவரை நீக்குவித்தார். பிறௌவரும் பிணக்குக்கு அஞ்சாதவரே. ஆயினும் அச்செயல் நீதியென நமக்குத் தோன்றவில்லை. பின்னர் நெடுங்காலம் அவர் அருகியே எழுதினார். சூத்திரங்களிற் பற்றில்லாத அவ்வாசிரியரின் தருக்கத்தைச் சூத்திரங்களாக்கி 1930இல் வெளியிட்டவர் அவர் மாணாக்கர் ஹெய்ற்றிங். 1966 டிசம்பரிலே வீதியில் வாகனம் மோதிப் பிறௌவர் காலமானார்.

கணினிக்குத் தருக்க விதிகளாலேயே நிரல் எழுதுவோர் பின்னர் இதே சிக்கலிற் சென்று முட்டினர். இடாப்பிற் பெயர் காணாவிடின் ஒருவர் மாணவரல்லர் எனக் கொள்ளலாம். நஞ்சு உண்டென எவரும் எழுதிவைக்கவில்லை என்பதற்காகக் கிணற்று நீரைப் பருகலாமோ? ஆதலின் கெல்பொண்ட், லிவ்சிற்ஸ் என்போர் 1991இல் இருவகை மறுப்பை ஒரே மொழியில் வைத்தனர்: நிறுவ முடியாமையால் இல்லை எனல் ஒன்று, இல்லையென்றே நிறுவப்பட்டமை மற்றொன்று. அவற்றின் பொருளை 1996இல் பியர்ஸ் என்பார் விளக்கியபோது, அடிப்படையாகக் கொண்டது ஹெய்ற்றிங் 1930இல் எடுத்தாண்ட மூன்று பெறுமானத் தருக்கத்தையே.