பாண்டித்துரைத் தேவர்

கலையும் கல்வியும் தழைத்தற்குப் புலமை மட்டும் போதாது; பொருளும் வேண்டும். அப்பொருளை மனமுவந்து ஈந்தோருள் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரவர்களை நாம் என்றும் மறத்தலாகாது.

1867-ஆம் ஆண்டிற் பொன்னுசாமித் தேவருக்குப் புதல்வராய்த் தோன்றிய இவர், தமிழ் நூல்களை முறையாகக் கற்றுப் புலவராகவும் புரவலராகவும் விளங்கினார். 1901-ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் வாயிலாகக் கல்லூரியும் புத்தகசாலையும் அச்சுக்கூடமும் எழுந்தன; 'செந்தமிழ்' என்னும் பத்திரிகையும் வெளிவந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தும் அச்சிடுவாரின்றி வருந்திய அபிதான சிந்தாமணி, இவருதவியால் 1910-இல் வெளியாயிற்று. மறு ஆண்டே, தம் 44-ஆம் வயதில், தேவரவர்கள் மறைந்தார்கள்.

ஒருவரது நற்குணத்தையே பற்றி நிற்கும் ஈகை, அவர் ஆயுளளவிற் குறுகிவிடும் அபாயமுடையது. இக்காலத்தில் ஈகைக்குச் சட்டமும் துணை நிற்கின்றது. அங்கீகாரம் பெற்ற அறநிலையங்களுக்கு நன்கொடை அளிப்போர், விதிகளுக்குட்பட்டு வருமான வரியிற் சலுகை பெறுகின்றனர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமோ, பெருங் கம்பெனிகள் தம் முந்திய 3 ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடுமாறு விதித்து, அதற்குரிய துறைகளுள் கலையையும் பண்பாட்டையும் சேர்த்துள்ளது.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பெருந் தொழிற்சாலைகள் இன்று நிறைந்துள்ளன. அவற்றின் இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்குவித்தல் சட்டத்தால் இயலும். ஆயின், அச்சேறாது கிடக்கும் ஒரு கையெழுத்துப் பிரதியின் அருமையை உணர்ந்து அதனை ஆதரிக்கும் உள்ளத்தைச் சட்டம் தரமாட்டாது. அதனைத் தேவரவர்களின் வாழ்க்கையினின்றே நாம் கற்றல் வேண்டும்.