இயற்கைத் தேர்வுக்குக் கணக்கு வகுத்த ஹோல்டேன்

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் திருகோணமலைத் துறைமுகத்தில் நிலைகொண்டிருந்த பிரித்தானியக் கடற்படை, 1957 ஆம் ஆண்டில் அத்தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்து வெளியேறியது. அதே ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாம் வகித்த பேராசிரியர் பதவியைத் துறந்து, எகிப்தின் மீது தமது நாடு நடத்திய சுயெஸ் படையெடுப்பையும் அதற்கொரு காரணமாகக் கூறி, பிரித்தானியர் ஒருவர் கல்கத்தாவில் வந்து குடியேறினார். அவர் ஜே.பி.எஸ். ஹோல்டேன். குடித்தொகைப் பிறப்புரிமையியல் என இன்று வழங்கும் அறிவுத்துறைக்கு அடித்தளமிட்ட மூவரில் ஒருவர். ஏனைய இருவர் ஆர்.ஏ. பிஷரும் சுவெல் ரைட்டும் ஆவர்.

அவர் தமது உடலை வருத்திச் செய்த சோதனைகள் துறைமுக மக்களின் வாழ்வோடும், அவர் தாளில் போட்ட கணக்குகள் திருகோணமலை மாவட்டத்தை நெடுங்காலம் வாட்டிய மலேரியாவோடும் தொடர்புடையவை.

ஹோல்டேன் 1892 நவம்பர் 5 இல் ஒக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் புகழ்பெற்ற உடற்றொழிலியலாளர். ஆழ்கடலில் இருந்து சுழியோடி விரைந்து மேலெழும்போது இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழ்களாகி உடலை முடக்கும் என்பதால், படிப்படியாக மேலெழும் முறையை அட்டவணையாக வகுத்து 1908 இல் வெளியிட்டவர் அவரே. அந்த ஆய்வுகளின்போது 13 வயது மகனும் சுழியோடி உடை அணிந்து ஸ்கொட்லாந்துக் கடலில் இறங்கினான். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் நமது கரையோரங்களில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்கும் இளைஞர்கள் அந்த முறையை அறியாமலோ அறிந்தும் பொருட்படுத்தாமலோ கைகால் முடங்கிப் போவதைக் காண்கிறோம்.

பல்கலைக்கழகத்தில் அவர் கற்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும். விஞ்ஞானத்தில் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. கலைப் பட்டதாரிகளுக்குச் சற்று ஆறுதல் தரும் செய்தி இது! முதலாம் உலகப்போரில் படையதிகாரியாகப் பணியாற்றி, இன்றைய ஈராக்கில் காயமுற்று இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்திய மண்ணோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு அதுவாகும்.

1939 ஜூனில் தெட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். இறந்தவர்களில் தொழிலாளரும் இருந்தமையால், உண்மையை அறியத் தொழிற்சங்கங்கள் ஹோல்டேனை நாடின. அவர் அமுக்க அறைக்குள் தம்மையே அடைத்துக்கொண்டு, காற்றும் ஒட்சிசனும் அழுத்தத்தில் உடலை எவ்வாறு தாக்கும் எனச் சோதித்தார். வலிப்பு வந்தது, முள்ளந்தண்டு சேதமுற்றது. அவ்வாய்வுகள் பின்னர் கடற்படைக்குப் பயன்பட்டன. இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் திருகோணமலையும் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாக விளங்கியது.

எனினும் அவரது பெயரை நிலைக்கச் செய்தவை 1924 முதல் பத்தாண்டுகளில் இயற்கைத் தேர்வு பற்றி அவர் எழுதிய கணிதக் கட்டுரைகளே. இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரில் ஆலைப்புகை படிந்த மரங்களில் வாழ்ந்த வெளிர்நிற அந்துப்பூச்சிகளிடையே 1848 இல் கரிய பூச்சி பதிவாயிற்று. அரை நூற்றாண்டுக்குள் அங்கு ஏறக்குறைய எல்லாமே கரியனவாகிவிட்டன. வெளிர்நிறப் பூச்சிகளில் இரண்டு பிழைக்கும் இடத்தில் கரியவை மூன்று பிழைத்தாலொழிய இத்துணை விரைவான மாற்றம் நிகழாது என்று ஹோல்டேன் கணக்கிட்டார். கூர்ப்பு என்பது கற்பகோடி ஆண்டுகளில் நிகழும் மந்தமான நிகழ்வு என்று கருதிய காலத்தில், ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளேயே ஓர் உயிரினத்தின் குடித்தொகை மாறிவிடும் என்பதை எண்ணால் காட்டியமை சாதாரண காரியமல்ல.

மனித இரத்தத்துக்கும் அதே கணக்கைப் பொருத்தினார். தலசீமியா குழந்தைகளைக் கொல்லும் நோய். அவ்வாறாயின் அதற்குக் காரணமான பரம்பரையலகு மத்தியதரைக் கடலோரத்தில் ஏன் அருகிவிடவில்லை? அதை ஒரே பிரதியாக மட்டும் சுமப்பவர் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கப்படலாம் என்ற கருத்தை 1949 இல் வெளியிட்டார். அரிவாள் உருக் கலச் சோகை பற்றி அன்ரனி அலிசன் கிழக்காபிரிக்காவில் நடத்தி 1954 இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்துக்கு வலுவூட்டியது. இலங்கையிலும் தலசீமியா உண்டு. சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்பட நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பரம்பரையலகு குடும்பத்தில் ஓடுமாயின், தமிழரும் முஸ்லிம்களும் வழக்கமாகக் கொண்டுள்ள மச்சான் – மச்சாள் திருமணத்தில், இருவருமே சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு கூடும். திருமணத்துக்கு முன் செய்யும் ஓர் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். முறை பார்ப்பதில் நாம் செலுத்தும் அக்கறையில் சிறு பங்கேனும் இதற்குக் கிடைப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் ஹோல்டேன் ஆர்வம் காட்டிய விடயங்களுள் உறவுத் திருமணமும் ஒன்று. அவரிடம் பயின்ற துரோணம்ராஜுவும் மீரா கானும் ஆந்திரப் பிரதேசத்தில் இதனை ஆராய்ந்து 1963 இல் கட்டுரை வெளியிட்டனர். மீரா கான் பின்னர் நெதர்லாந்தின் லெய்டனில் மனிதப் பிறப்புரிமையியல் ஆய்வாளராகத் திகழ்ந்தார். ஹோல்டேனோ இந்திய உடை அணிந்து, மாமிசம் தவிர்த்து, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துடன் முரண்பட்டு வெளியேறி, புவனேஸ்வரத்தில் ஆய்வுகூடம் நிறுவினார். பொதுவுடைமைக் கட்சியில் இருந்த காலத்தில் லைசென்கோவின் போலி விஞ்ஞானத்தை அவர் உடனடியாகவும் உரத்தும் கண்டிக்கவில்லை என்பது அவர் வாழ்வின் குறை. அதை மறைப்பதற்கில்லை. 1964 டிசம்பர் 1 இல் புற்றுநோயால் மறைந்தார். அவரது விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

அவர் காணாத ஒன்றும் உண்டு. 1934 – 35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொடுத்த இலங்கை, 1946 இல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவானவை வெறும் 17 மலேரியா நோயாளர்கள். வென்றுவிட்டோம் என்றெண்ணித் தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 – 69 இல் காய்ச்சல் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. மீண்டும் டி.டி.ரி. தெளித்தபோது நுளம்பு முன்போல் சாகவில்லை! எதிர்ப்புள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகியிருந்தன. மன்செஸ்டரின் அந்துப்பூச்சிக் கதை கந்தளாயிலும் மூதூரிலும் இரவில் கடிக்கும் நுளம்புக்கும் பொருந்துவதாயிற்று. 1977 இல் மலத்தியனுக்கு மாறினார்கள். காலப்போக்கில் அதற்கும் எதிர்ப்பு உருவாயிற்று.

வறட்சியில் மகாவலி போன்ற ஆறுகளின் மணற்குழிகளில் தேங்கும் நீரில் பெருகும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ், ஒரே இனமன்று. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் ஐந்து இனங்களின் கூட்டம் அது. இலங்கையில் அவற்றுள் பி, ஈ என இரண்டு வாழ்கின்றன. இராமேஸ்வரத்தில் முன்னர் இனங்காணப்பட்ட ஈ இனம் இங்கும் இருப்பதை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தைக் கொண்டு 2000 இல் அறிவித்தனர். மலேரியாவைப் பெரிதும் பரப்புவது ஈ இனமே. பி இனம் அவ்வளவு தீங்கு செய்வதன்று. எதிரி எவர் என்று பிரித்தறியாமல் மருந்து தெளிப்பது பணத்தை வீணாக்கும். சன்சிபாரின் உங்குஜா தீவில் கால்நடைகளுக்கு நோய் பரப்பிய செட்சி ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு 1997 இல் ஒழிக்க முடிந்தமைக்கும், கடல் சூழ்ந்த அத்தீவுக்கு வெளியிலிருந்து புதிய ஈக்கள் வந்து கலக்காதமை துணையாயிற்று.

இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது. அது மணற்குழிகளை நாடுவதில்லை, வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் முட்டையிடும்.