அலுவலக வாசலையும் கேட்டவர்: இரட்டைமலை சீனிவாசன்

ஜூலை மாதம் குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் வரிசையில் நிற்பவர்கள் பக்கத்தில் நிற்பவரின் சாதியைக் கேட்பதில்லை. கூட்டம் கலைந்ததும் எண்ணெய்ப் பாக்கெட்டையும் ஷாம்பு உறையையும் பழைய துணியையும் அள்ளிப் போடத் தூய்மைப் பணியாளர்கள் வருகிறார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்தில் அதே தெருக்காரர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த நாளும் இதே ஜூலையில், 7-ஆம் தேதி வருகிறது.

செங்கற்பட்டுப் பகுதியில் கோழியாளம் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படித்தது கோயம்புத்தூரில். பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் விளையாடியதில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் வேகவேகமாக வீட்டுக்கு நடப்பார். வெளியூரிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நம் மாணவர்கள் சிலருக்கு இந்தப் பயம் இன்றும் அந்நியமானதாக இருக்காது.

படிப்பு முடிந்து நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கர் வேலை. 1890-இல் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். பள்ளியில் எந்தப் பெயரை மறைத்தாரோ, அதையே பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். 1900 வரை அது நடந்தது.

அதே 1893-இல்தான் அரசு வேலை பற்றிய அவருடைய முதல் பெரிய போராட்டம் நடந்தது. கலெக்டர் போன்ற உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வு அப்போது இங்கிலாந்தில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் எதிர்த்தார். 112 அடி நீளம், 3,412 கையெழுத்து கொண்ட மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது.

இன்று படிக்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நம் நாட்டிலேயே தேர்வு வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். வெள்ளைக்காரனுக்குத் துணை போனார் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அன்றைய கிராமத்தை நினைத்துப் பாருங்கள். நிலம் வைத்திருப்பவரும், கணக்கு எழுதுபவரும், மனுவை வாங்குபவரும் சாதியால் ஒரே பக்கம் நின்றார்கள். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலே திறக்கவில்லை. அந்த நிலையில் தேர்வு வைத்தால், கிராமத்தில் அடக்கி வைத்தவர்களின் வீட்டிலிருந்தே கலெக்டரும் வருவார். அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது? அவருடைய எதிர்ப்பின் உள்ளே இருந்தது இந்தக் கேள்வி. பதவியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்தே சட்டம் ஏழைக்குப் பயன்படும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

இங்கிலாந்து போய் நேரில் முறையிடும் எண்ணத்தோடு 1900-இல் கப்பலேறியவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். 1923-இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்.

1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் நம் ஊர்களைத் தொட்டது. பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாம்; பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம் எல்லாவற்றையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம் என்றது அது. அந்தப் பட்டியலில் பொது அலுவலகமும் இருந்தது. அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கவே தனியாக ஓர் ஆணை தேவைப்பட்ட காலம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் தல சுயாட்சித் துறை மூலம் அரசாணை வந்தது. ஆனாலும் பல ஊர்களில் ஆணை காகிதத்திலேயே நின்றது. தடுத்தவரைத் தண்டிக்க வழி இல்லை. ஆணையை நிறைவேற்ற வேண்டிய நாற்காலிகளில் பெரும்பாலும் தடுத்தவர்களின் உறவினர்களே இருந்தார்கள்.

1928-இல் சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. அரசு வேலை 12 என்றால் அதில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு என்றானது. அதற்கு முன் அந்த ஒன்றுக்கும் உறுதி இல்லை.

1930-இல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் சீனிவாசனும் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகப் போனார்கள். இருவரும் சேர்ந்து ஒரு கோரிக்கை அறிக்கை கொடுத்தார்கள். சம உரிமையைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும் என்று அதில் கேட்டார்கள். அரசுப் பணிகளில் போதிய இடம் வேண்டும், எந்த ஒரு வகுப்பும் பணிகளை மொத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆள் எடுப்பதைத் தேர்வாணையம் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். 1924 ஆணையில் இல்லாமல் போனவை இந்த அறிக்கையில் வந்துவிட்டன.

1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது, தனித் தொகுதி போய்க் கூட்டுத் தொகுதி வந்ததையே எல்லோரும் சொல்வார்கள். அதில் இன்னொரு பிரிவும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலிலும் அரசுப் பணி நியமனத்திலும் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக யாரையும் தள்ளக் கூடாது. கல்வித் தகுதிக்கு உட்பட்டு நியாயமான பங்கு கிடைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டவர். நியாயமான பங்கு என்று எழுதினார்களே தவிர எத்தனை என்று எழுதவில்லை. மத்திய அரசுப் பணிகளுக்கு எட்டே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்ற கணக்கு, அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 1943-இல்தான் வந்தது. அதையும் பார்த்துவிட்டு, 1945 செப்டம்பர் 18-இல் சீனிவாசன் மறைந்தார்.

இன்று தமிழ்நாட்டில் கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சியில் 36 ஆதிதிராவிடருக்கு. அவற்றில் 6 இடங்களில் அருந்ததியருக்கு முன்னுரிமை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. புது அலுவலகங்கள் வந்தன. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் எல்லாவற்றிலும் எழுத்தர், உதவியாளர், ஓட்டுநர், குழாய்ப் பணியாளர் என்று பணியிடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தச் சுழற்சி எண்ணில் நிரப்பப்பட்டது என்று பதிவேடு இருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுக்கும் வேலைகளில் இந்தச் சுழற்சி பார்க்கப்படுவதில்லை. நிரந்தர இடம் ஒன்று ஒப்பந்தத்துக்குப் போகும்போது அதிலிருந்த பங்கும் சேர்ந்தே போய்விடுகிறது. குப்பை அள்ளும் வேலை மட்டும் எந்தச் சுழற்சியும் இல்லாமல் பழைய தெருக்களுக்கே வந்து சேருகிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் ஊர் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஒரு மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, ஆதிதிராவிடர் பங்கில் நிரப்பாமல் கிடக்கும் பின்னடைவுக் காலியிடம் எத்தனை, ஒப்பந்தத்துக்கு மாற்றியது எத்தனை என்று பதவிவாரியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி 112 அடி மனு எழுதியவருக்கு அந்தச் சட்டம் இல்லை. நமக்கு ஒரு பக்கத் தாள் போதும்.